அட்டை வேறு, உரிமை வேறு: தேயிலைத் தோட்டத்தில் மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு?

“குடிக்கக் காசு இருக்கிறது. காப்பீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் கட்ட மட்டும் உங்க ஆளுங்களுக்குக் காசு இருக்காதா?”

நீலகிரித் தோட்டங்களின் லைன் வீடுகளுக்குப் பாலிசி விற்க வருகிறவர்களும், ‘விழிப்புணர்வு’ ஊட்ட வருகிறவர்களும் இதைப் பல விதமாகச் சொல்லி என் காதால் கேட்டிருக்கிறேன். இதில் அக்கறை எதுவும் இல்லை. ‘உங்க ஆளுங்க’ என்ற சொல்லில் சாதி உட்கார்ந்திருக்கிறது. நோய் வந்ததும் ஒரு குடும்பம் கடனில் விழுவதற்குக் கூலி காரணமல்ல, மூடிக்கிடக்கும் எஸ்டேட் டிஸ்பென்சரி காரணமல்ல, அந்த மக்களின் ஒழுக்கம்தான் காரணம் என்று சொல்வதற்கு இது ஒரு நாசூக்கான வழி.

நான் தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்தவன். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எண்ணிப் பிரிக்கப்பட்டார்கள். அந்த மக்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறையின் கீழ் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1976இல் அது டேன்டீ என்ற அரசு நிறுவனம் ஆனது. இலங்கை மலையகத்திலும் இந்த மலையிலும் கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவர்களில் பெரும் பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர் மக்கள். கங்காணி காலத்தில் ஊரிலிருந்து ஆள் பிடித்து வந்ததே நிலமற்ற சேரிகளிலிருந்துதான். ஆகவே தேயிலைத் தோட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேசுவது சாதியைப் பற்றிப் பேசுவதுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மருத்துவக் காப்பீடு என்பது தனி ஆள் கடையில் பார்த்து வாங்கும் பொருள் என்று நம்மை நம்ப வைக்கிறார்கள். இந்த நாட்டில் காப்பீடு வைத்திருக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தனி ஆளாக வாங்கவில்லை. கூட்டமாக நின்று வாங்கினார்கள், அல்லது முதலாளியை, அரசை வாங்க வைத்தார்கள். நம்மை மட்டும் ஒவ்வொருவராகக் கவுண்டருக்கு வரச் சொல்கிறார்கள்.

காப்பீட்டிலும் படிநிலை

ஒரு பெரிய ஐ.டி. நிறுவனத்தில் சேருகிற இளைஞரை எடுத்துக்கொள்வோம். சேர்ந்த நாளிலேயே அவருக்குக் குழுக் காப்பீடு கிடைத்துவிடுகிறது. சர்க்கரை இருக்கிறதா, முதுகு வலிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. பல நிறுவனங்களில் பெற்றோருக்கும் சேர்த்தே கிடைக்கிறது.

அடுத்து தமிழக அரசு ஊழியர். 2021 ஜூலையில் தொடங்கிய புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு அவர் சம்பளத்தில் மாதம் 300 ரூபாய் பிடிக்கிறார்கள். ஆண்டுக்கு 3,600. அவரையும் யாரும் ‘ஏற்கெனவே என்ன நோய்’ என்று விசாரித்துத் தள்ளி வைப்பதில்லை. அது சரியானதுதான். சங்கம் வைத்துப் போராடிப் பெற்ற உரிமை அது. நமக்கும் அதுதான் வேண்டும்.

இப்போது என் கதை. எனக்குச் சம்பளம் உண்டு, காப்பீடு இல்லாத வேலை. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் பாலிசிக்கு என்னிடம் கேட்ட தொகை ஆண்டுக்கு சுமார் 22,000. முப்பது வருடம் கொழுந்து எடுத்த என் அம்மாவை அதில் சேர்க்க முடியாது, அவருக்குத் தனிப் பாலிசி என்றார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, முழங்கால் தேய்மானம். சர்க்கரையால் வரும் எதற்கும் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். முழங்கால் அறுவைக்கும் அப்படித்தான்.

நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 22,000 என்பது 55 நாள் கூலி. ஆண்டில் இரண்டு மாதம் காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கொழுந்து பறிக்க வேண்டும். மழைக்காலத்தில் வேலை குறைந்தாலும், அட்டை கடித்துக் காய்ச்சலில் படுத்தாலும் பிரீமியம் குறையாது. கெடு தேதியும் சலுகை நாட்களும் தாண்டினால் பாலிசி போகும். மூன்று ஆண்டு காத்திருப்பை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எது எதற்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளும் விற்க வேண்டும் என்று கொண்டுவந்த ‘ஆரோக்கிய சஞ்சீவனி’ பாலிசியையே எடுத்துக்கொள்வோம். குடலிறக்கம், கர்ப்பப்பை அகற்றல், மூலம், பித்தப்பைக் கல், கண்புரை, நரம்புச் சுருட்டல் போன்றவற்றுக்கு 24 மாதம். வயதால் வரும் மூட்டுத் தேய்மானத்துக்கு அதற்கும் மேல். சரிவில் நின்று முதுகில் பாரம் சுமப்பவர், பிள்ளை பெற்ற சில வாரத்தில் மலையேறிய பெண், நாள் முழுக்க நின்றே வேலை செய்பவர் ஆகியோருக்கு என்னென்ன வருமோ அதெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கம்பெனி இதைச் சாதி பார்த்து எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. சாதி அந்த உடலுக்கு எந்த வேலையைக் கொடுத்ததோ, அந்த வேலை தந்த நோயைக் கம்பெனி ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று பதிவு செய்கிறது. உழைப்பு தேயிலைக்குப் போனது. தேய்மானம் மட்டும் எங்கள் கணக்கில் எழுதப்படுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. நல்லது. பிரீமியம் கட்ட முடிந்தவர்களுக்கு லாபம். கட்டவே முடியாதவருக்கு வரி பதினெட்டானால் என்ன, பூஜ்யமானால் என்ன?

சட்டம் யாருடைய பொறுப்பு என்று சொன்னது

தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவம் பார்ப்பது அவர் சொந்தப் பொறுப்பு என்று இந்த நாட்டின் சட்டம் சொல்லவில்லை. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்து தர வேண்டியது முதலாளியின் கடமை என்றது. முதலாளி செய்யாவிட்டால் தலைமை ஆய்வாளரே அந்த வசதியைச் செய்து கொடுத்து, செலவை முதலாளியிடம் வசூலிக்கலாம் என்றும் அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு சொன்னது. இந்தப் பிரிவு எத்தனை லைன் வீடுகளுக்குத் தெரியும்? ஆலையில் ஈ.எஸ்.ஐ. இருப்பதுபோலத் தோட்டத்துக்கு ஏன் இல்லை என்றால், முதலாளியே மருத்துவம் பார்க்க வேண்டும் என்று தனிச் சட்டம் இருந்ததால்தான்.

அந்தச் சட்டம் எல்லோரையும் காக்கவில்லை என்பதும் உண்மை. 5 ஹெக்டேர் நிலமும் 15 தொழிலாளியும் இருந்தால்தான் அது செல்லும். சிறு தோட்டங்களில் நாள் கூலிக்குப் போகிறவர்களும், ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இன்று இந்த மலையில் கொழுந்து எடுக்கிற ஆதிவாசித் தொழிலாளர்களில் பலரும் வெளியேதான் நின்றார்கள். இருந்த சட்டமும் தேய்ந்தது. டாக்டர் இருந்த இடத்தில் கம்பவுண்டர், கம்பவுண்டர் இருந்த இடத்தில் ஒரு பாரசிட்டமால் பட்டை.

இப்போது அந்தச் சட்டமே இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1951 சட்டம் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. கடமை முற்றாக நீக்கப்படவில்லை, கெட்டிக்காரத்தனமாக இளக்கப்பட்டிருக்கிறது. முதலாளி மருத்துவ வசதி செய்து தரலாம், அல்லது ஈ.எஸ்.ஐ.யில் சேர்க்கலாம். அந்த வசதியைச் சொந்தச் செலவில் தரலாம், அல்லது மத்திய, மாநில அரசு, நகராட்சி, பஞ்சாயத்துத் திட்டங்கள் வழியாகவும் தரலாம். இந்தக் கடைசி வரியைத்தான் நாம் கவனிக்க வேண்டும். அரசு காப்பீட்டு அட்டை உன்னிடம் இருக்கிறதே, அதுவே நான் தரும் மருத்துவம் என்று நாளை ஒரு நிர்வாகம் சொல்வதற்கு இது கதவைத் திறக்கிறது. எங்கள் பக்கம் வாய்மொழியாக இதைச் சொல்லத் தொடங்கிப் பல நாளாயிற்று. “அட்டை எடுத்துட்டு ஊட்டிக்குப் போம்மா” என்பதுதான் இப்போது பல டிஸ்பென்சரிகளின் சிகிச்சை.

ஈ.எஸ்.ஐ. வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான், எட்டும் தூரத்தில் மருத்துவமனை இருந்தால். ஈ.எஸ்.ஐ.யின் பெரிய மருத்துவமனை கோவையில் இருக்கிறது. பந்தலூரிலிருந்து கோவைக்கு 150 கிலோமீட்டருக்குக் குறையாது. மேலும், ஈ.எஸ்.ஐ.யா வேண்டாமா என்று விருப்பம் தெரிவிக்கும் உரிமையைச் சட்டம் முதலாளியிடம் கொடுத்திருக்கிறது. நோய் நமக்கு, விருப்பம் அவருக்கு.

அரசு அட்டையின் கணக்கு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயர் மாறி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதய அறுவை, டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை என்று எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய திட்டம். அது இல்லையென்றால் எங்கள் குடியிருப்பில் சிலர் இன்று இல்லை.

ஆனால் தகுதிக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 400 ரூபாய் கூலி, மாதம் 25 நாள், 12 மாதம் என்றால் சரியாக 1,20,000. கணவனும் மனைவியும் செக்ரோலில் இருந்தால் 2,40,000. சட்டப்படியான கூலியை ஒழுங்காக வாங்குகிற ஒரு தோட்டக் குடும்பம், காகிதத்தின்படி, ஏழைகளுக்கான காப்பீட்டுக்கு வெளியே! அதனால் நடப்பது என்ன? வருமானச் சான்றில் குறைத்து எழுதும்படி கிராம நிர்வாக அலுவலகத்தின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது. உரிமையாக வர வேண்டியது ஓர் அலுவலரின் தயவாக மாறுகிறது. தயவு என்று வந்துவிட்டால், யார் யாரிடம் எப்படி நிற்க வேண்டும் என்பதைச் சாதி சொல்லிக் கொடுக்கும். சாதிச் சான்றிதழுக்கே பல வருடம் அலைந்த தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வருமான வரம்பே இல்லாமல் இதே திட்டத்தில் சேர்க்க முடியாதா? முடியும். முகாம்களில் வாழும் இலங்கை அகதிகளுக்கு இந்தத் திட்டம் வருமான வரம்பு பார்ப்பதில்லை. சரியான முடிவு. அவர்களுக்குச் செய்ய முடிந்ததைத் தோட்டத் தொழிலாளிக்கும் தூய்மைப் பணியாளருக்கும் செய்யத் தடையாக இருப்பது எது?

இன்னொன்று. அட்டை பெரும்பாலும் படுத்துச் சிகிச்சை பெறுவதற்கு. இரத்தசோகை, முதுகுவலி, பூச்சிமருந்து அடித்த பின் வரும் மூச்சிரைப்பு, தினமும் விழுங்கும் மாத்திரை, மருத்துவமனைக்குப் போகும் ஜீப் வாடகை, போன நாளில் போன கூலி ஆகிய எதுவும் அட்டைக்குள் வராது. கடன் பெரும்பாலும் தொடங்குவது இங்கேதான். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவது இந்த ஓட்டையை ஓரளவு அடைக்கிறது. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது, இந்த மலை நெடுநாள் காத்திருந்த ஒன்று. ஆனால் பந்தலூருக்கும் ஊட்டிக்கும் இடையே 70 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இரவில் வழியில் யானை நின்றால் அந்தத் தூரம் இன்னும் நீளும். அதனால்தான் லைன் வீட்டுக்கு அருகே ஒரு டாக்டர் வேண்டும் என்று 1951லேயே எழுதி வைத்தார்கள்.

கூடலூர் ஆதிவாசிகள் காட்டிய வழி

‘சங்கம் வைத்துக் காப்பீடா, நடக்கிற கதையா’ என்று கேட்பவர்கள் நம் மலையிலேயே பார்க்கலாம். கூடலூரில் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் மக்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டார்கள். நில உரிமைக்காகத் திரண்ட அதே சங்கம் உடல்நலத்தையும் கையில் எடுத்தது. அஸ்வினி அமைப்பின் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை உருவானது. ஆதிவாசிப் பெண்களே செவிலியரானார்கள். 1992இல், நாட்டில் ஏழைகளுக்கான காப்பீடு பற்றி அரசுகள் பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே, சங்க உறுப்பினர்களுக்காகக் குழுக் காப்பீடு எடுத்தார்கள். உறுப்பினர் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டினார். நோயாளி தன் மருத்துவமனைக்குப் போனார். கம்பெனியோடு காகிதச் சண்டை போடுவதை அமைப்பு பார்த்துக்கொண்டது.

கம்பெனிகளுக்கு அன்று திடீரென்று ஆதிவாசிகள்மேல் பாசம் வந்துவிடவில்லை. எதிரே ஒரு பணியர் பெண் தனியாக நிற்கவில்லை, ஒரு சங்கம் நின்றது. அதே கம்பெனி, அதே மலை, அதே ஏழ்மை. வேறுபாடு அது ஒன்றுதான்.

அண்ணல் அம்பேத்கர் 1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில், காப்பீடு முழுவதும் அரசின் ஏகபோகமாக இருக்க வேண்டும் என்றும், வயது வந்த ஒவ்வொருவருக்கும் கூலிக்கு ஏற்ற ஆயுள் காப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும் என்றும் கேட்டார். தீண்டப்படாத மக்களின் கோரிக்கைப் பட்டியலில் காப்பீட்டுக்கு என்ன வேலை என்று அன்று சிலர் வியந்திருக்கலாம். அவருக்குத் தெரியும். நாளை என்ன ஆகுமோ என்ற அச்சம் இருக்கும் வரை, ஒருவன் ஆண்டையையோ கங்காணியையோ எதிர்த்துப் பேச மாட்டான். மருத்துவச் செலவுக்கு மேஸ்திரியிடம் கைமாற்று வாங்கியவர் மறுநாள் வேலைநிறுத்தத்துக்கு வருவாரா? நோய்க்கடன் என்பது இன்றைய கொத்தடிமைத்தனத்தின் ஒரு கயிறு.

அதுவரை என்ன செய்வது?

முதலில், நம்மிடம் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊட்டி, குன்னூர் நகராட்சிகளில் ஒப்பந்தத்தில் கூட்டுகிற அருந்ததியர் தோழர்கள், சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். பிடித்தம் இருந்தும் எண் தரப்படவில்லை என்றால் அது திருட்டு. ஈ.எஸ்.ஐ. உள்ளவர் தனியார் பாலிசிக்கு அவசரப்பட வேண்டாம்.

இரண்டாவது, வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிப்பதை மருத்துவக் காப்பீடு என்று நம்பியிருக்கும் வீடுகள் ஏராளம். அது விபத்தில் இறந்தால் அல்லது உறுப்பு இழந்தால் தருவது. 436 ரூபாய் பிடிப்பது இறந்தால் தருவது. காய்ச்சலுக்கோ அறுவைக்கோ இரண்டும் ஒரு ரூபாய் தராது.

மூன்றாவது, தனியார் பாலிசி எடுக்கத்தான் வேண்டும் என்றால், ஏஜென்ட் நிரப்பும் படிவத்தில் நோயை மறைக்க விடாதீர்கள். ‘சர்க்கரை இல்லைன்னு போட்டுக்கலாம்கா’ என்பவர் கமிஷன் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கிளெய்ம் அன்று நிற்பது நீங்கள். காத்திருப்புக் காலம், அறை வாடகை வரம்பு, நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, நீலகிரிக்குள்ளேயே எந்த மருத்துவமனையில் பணமில்லாமல் சேரலாம் என்ற நான்கையும் கேளுங்கள். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் வாடகையில் மட்டுமல்ல, பில்லில் உள்ள வேறு சில செலவுகளிலும் விகிதம் போட்டு வெட்டலாம். பாலிசியின் சுருக்கத் தகவல் தாளைத் தமிழில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படித்துப் பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தரலாம். கிளெய்மை நியாயமின்றி மறுத்தால் சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி, வக்கீலின்றி முறையிடலாம்.

இவையெல்லாம் தற்காப்பு. அரசியல் வேறு. நாம் கேட்க வேண்டியவை இவை.

புதிய சட்டத் தொகுப்பின் கீழ் தமிழக அரசு வகுக்கும் தோட்ட விதிகளில், டாக்டரும் மருந்தும் ஆம்புலன்சும் உள்ள எஸ்டேட் மருத்துவமனை கட்டாயம் என்று எழுத வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி முதலாளி தன் கடமையைக் கழித்துக்கொள்ள முடியாது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அரசே முதலாளியாக இருக்கும் டேன்டீயில் இதை முதலில் நடத்திக் காட்ட வேண்டும்.

தோட்டத் தொழிலாளர், தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்கு வருமான வரம்பின்றிக் காப்பீட்டு அட்டை வழங்க வேண்டும். சிறு தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்களையும் வெளிமாநிலத் தொழிலாளர்களையும் சேர்க்க வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒன்று. போனஸுக்கும் கூலி உயர்வுக்கும் பேச்சுவார்த்தை நடத்துகிறீர்கள். குழுக் காப்பீட்டை, முதலாளி பிரீமியம் கட்டும் ஒன்றாக, ஒப்பந்தத்தில் கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லாமல், ஓய்வு பெற்றவரையும் சேர்த்து. கொழுந்து பறித்து முழங்காலைத் தொலைத்தவர் அறுபது வயதில் வேலையிலிருந்தும் மருத்துவத்திலிருந்தும் ஒரே நாளில் வெளியேற்றப்படுவதை எந்தச் சங்கமும் ஏற்கக் கூடாது.

பிரீமியம் கட்டவில்லை என்று எங்கள் மக்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள். மூன்று தலைமுறை கட்டியாயிற்று. முதுகால் கட்டினோம், முழங்காலால் கட்டினோம், கர்ப்பப்பையால் கட்டினோம். நீங்கள் காலையில் குடித்த தேநீரில் அதற்கான ரசீது இருக்கிறது. இப்போது நாங்கள் கேட்பது கிளெய்ம்.